பூவுக்கு மார்க்கு போடும் ஊர்

1651-ம் வருஷம். கிராம்வெல்லின் கை ஓங்கியிருந்த காலம். அவருடைய தளபதிகளில் ஒருவரான எட்மண்ட் லட்லோ, அயர்லாந்தின் மேற்குக் கோடியில் ஒரு மலைப் பிரதேசத்தின் வழியே படையுடன் போனார். போன இடமெல்லாம் பாறை. பாறையை விட்டால் இன்னும் பாறை. எதிரிகளை ஒழித்துக் கட்டுவதற்கு வேண்டிய தண்ணீர், மரம், மண் மூன்றுக்குமே இங்கே பஞ்சம் என்ற பொருளில் தம் நினைவுக் குறிப்புகளில் அலுத்துக்கொண்டிருக்கிறார். தளபதியின் கவலை தளபதிக்கு! ஆனால் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதி வைத்தார். இந்தக் கட்டாந்தரையில் மேய்கிற மாடுகள் மாத்திரம் நன்றாகக் கொழுத்திருக்கின்றன. பாறைகளுக்கு நடுவே முளைக்கும் புல்லில் அத்தனை சத்து என்று.

அந்தப் பிரதேசத்துக்குப் பர்ரன் என்று பெயர். ஐரிஷ் பாஷையில் பாறை நிலம் என்று அர்த்தமாம். நம் வீட்டுப் பரண் நினைவுக்கு வருகிறதல்லவா? வந்தாலும் பாதகமில்லை. குளிர்காலம் வந்ததும் மாடுகளை மேலே ஏற்றி விடுகிற பரண்தான் அது. மற்ற தேசங்களில் கோடையில் மாடு மலையேறும், குளிர் வந்தால் கீழே இறங்கி விடும். சுவிட்சர்லாந்துப் படங்களில் கழுத்து மணியுடன் மாடுகள் மலையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோடைக் காட்சி. பர்ரனில் எல்லாம் தலைகீழ். ஊரெல்லாம் கம்பளிக்குள் முடங்கும்போது மாடுகள் மலைக்குப் போகின்றன.

இதில் ஆச்சரியப்பட வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அந்த மாடுகள் மேய்ந்த இடத்தில் பூ பூக்க ஏற்றபடி தரை இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, மார்க்குக்குத் தகுந்தபடி விவசாயிக்கு சர்க்கார் பணம் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் மார்க்கு என்று யார் சொன்னது?

சாம்பல் நிற மலை

என் மகளும் மாப்பிள்ளையும் கால்வே நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். மே மாதம் அவர்களிடம் போயிருந்தபோது, “அத்தை, இரண்டு நாள் லீவு இருக்கிறது, எங்கே போகலாம்?” என்று மாப்பிள்ளை கேட்டார். கடைவீதியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் பர்ரனைச் சொன்னேன். காரில் ஒரு மணி நேரம். கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகிற பாதை. பாலிவான் என்ற சிறிய ஊரை நெருங்கும்போதே எதிரே மலைகள் தெரிகின்றன. பசுமைக்குப் பேர்போன அயர்லாந்தில் இந்த மலைகள் மட்டும் திருநீறு பூசிய மாதிரி சாம்பல் நிறமாக இருக்கின்றன.

அத்தனையும் சுண்ணாம்புக் கல். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து படிந்து கல்லாகிவிட்ட இடம். பிற்பாடு பனியுகத்தில் பனிப்பாறைகள் மேலே நகர்ந்து தேய்த்து, தோசைக்கல்லைத் துலக்கின மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டன. மழை நீர் கல்லை அரித்து அரித்து நீள நீளமாகப் பிளவுகள் விழுந்திருக்கின்றன. குனிந்து பிளவுக்குள் எட்டிப் பார்த்தால், நம் ஊரில் தொட்டியில் வைத்து, நிழலில் வைத்து, செல்லம் கொடுத்து வளர்ப்போமே, கறுத்த தண்டும் மெல்லிய இலையும் உள்ள பெரணி, அது அங்கே தானாகத் தழைத்துக் கிடக்கிறது. பெய்கிற மழையெல்லாம் இந்தப் பிளவுகள் வழியாகப் பாதாளத்துக்குப் போய்விடுகிறது. குளிர்காலத்தில் திடீரென்று ஒரு ஏரி தோன்றும். கோடையில் அடியிலுள்ள துவாரம் வழியாக ஒழுகி மறைந்து போகும். மாப்பிள்ளை ஒரு புல்தரையில் காரை நிறுத்தி, “ஜனவரியில் வந்தபோது இங்கே அன்னம் நீந்திற்று, அத்தை” என்றார்.

மலைமேல் போல்னபுரோன் என்ற இடத்தில் பெரிய கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையைக் கூரையாக வைத்த கல்லறை ஒன்று இருக்கிறது. 5,000 வருஷத்துக்கும் மேற்பட்டது. 1980-களில் அதைத் தோண்டிப் பார்த்தபோது முப்பது பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் காலத்திலேயே இங்கே ஆடு மாடு வைத்துப் பிழைத்த ஜனங்கள். அப்போது இந்த மலைகளில் காடு இருந்ததாம். காட்டை வெட்டினார்கள், மண் கரைந்தது, பாறை மிஞ்சியது. பாறை மிஞ்சிய இடத்தில் எப்படிப் பிழைப்பது என்பதை அவர்களுடைய வாரிசுகள் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

மாடு போன வழியில்

காரன் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். படுக்கையும் காலை ஆகாரமும் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிற வீடு. எஜமானி அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமாகி ஆறு வருஷம். முப்பது தாய்ப் பசுக்கள், அவற்றின் கன்றுகள், ஒரு நாய், ஒரு டிராக்டர். எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்கிறார். காலை ஆகாரத்துக்கு நாங்கள் மாமிசம் வேண்டாம் என்றதும் ஒரு நிமிஷம் திகைத்துப் போய், பிறகு மோர் விட்டுப் பிசைந்து சோடா உப்புப் போட்டுச் சுட்ட ரொட்டியையும் ஒரு கட்டி வெண்ணெயையும் கொண்டுவந்து வைத்தார். வெண்ணெய் மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருந்தது. “சாயம் ஒன்றும் போடவில்லை. புல் தின்ற மாட்டுப் பால் அப்படித்தான் இருக்கும்” என்றார். அந்த வெண்ணெய்க்காகவே இன்னொரு தரம் போகலாம்.

சாப்பிட்டானதும், “பூப் பார்க்கத்தானே வந்தீர்கள்? என்னுடைய மலைக் காட்டுக்கு வாருங்கள்” என்று ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூட்ஸுடன் நான் நடந்ததைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப் போவதில்லை.

மேலே ஏறினதும் பேச்சு நின்றுவிட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, உள்ளங்கை அகலப் புல்லில், நீலம்! மயில் கழுத்தில் வெயில் படும்போது ஒரு நீலம் தெரியுமே, அதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட மாதிரி. ஜென்ஷியன் என்று பெயர். உயர்ந்த பனிமலைகளில் பூக்கிற பூ. அதற்குப் பக்கத்திலேயே எட்டு வெள்ளை இதழும் நடுவே மஞ்சள் பொட்டும் வைத்த வேறொரு பூ, வட துருவப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு அடி தள்ளி மத்தியதரைக் கடல் கரையைச் சேர்ந்த ஒரு சின்ன ஆர்க்கிட். ஊட்டியில் பூப்பதும் ராமேசுவரத்தில் பூப்பதும் ஒரே பாத்தியில் பூத்தால் எப்படி இருக்கும்? அயர்லாந்தில் இயற்கையாக விளைகிற செடி வகைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சின்ன மலைப் பிரதேசத்தில் இருக்கிறதாம்.

“இத்தனை பூவுக்கும் மாடுதான் தோட்டக்காரன்” என்றார் அந்த அம்மாள்.

பூந்தோட்டத்துக்கு வேலி போடுவதே மாடு வரக்கூடாது என்றுதானே? அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, வகுப்பு எடுக்கிறவரைப் போல் பொறுமையாகச் சொன்னார். அக்டோபர் கடைசியில் மாடுகளை மேலே ஓட்டுவார்கள். அப்போது பூச்செடிகள் எல்லாம் தரையோடு தரையாகத் தூங்குகின்றன. மேலே தெரிவது முரட்டுப் புல்லும் காய்ந்த சருகும்தான். ஐந்து மாதம் மாடுகள் அதைத் தின்று தீர்த்துவிடும். சித்திரை பிறக்கிற சமயம் மாடு கீழே இறங்கிவிடும். உடனே தரையில் வெளிச்சம் விழும், பூக்கள் எழுந்திருக்கும். கோடை முழுதும் மலையில் ஒரு வாயும் இல்லாததால் பூத்துக் காய்த்து விதை போட அவகாசம் கிடைக்கும். மாட்டுக் குளம்பு மிதிப்பதில் ஹேஸல் புதரின் கன்றுகளும் நசுங்கிப் போகும். கோடையில் மேய விட்டால் பூ மாட்டின் வயிற்றுக்குள். மேயவே விடாவிட்டாலோ புல் பாய் மாதிரி படர்ந்து மூடிவிடும். பிறகு புதர், அதற்குப் பிறகு காடு.

“குளிரில் மாடு விறைத்துப் போகாதா?” என்று மகள் கேட்டாள்.

“கையை வைத்துப் பார்” என்றார். பாறை வெதுவெதுவென்று இருந்தது. கோடை வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறதாம் இந்தக் கல். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு தங்குகிற மாதிரி. தண்ணீர் தங்காததால் படுக்கவும் ஈரமில்லாத இடம். “மலையில் நடந்து திரிந்த பசுவுக்குக் கன்று போடுவது சுலபம். கொட்டகையில் நின்று தின்றதற்குத்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும்” என்றார். நம் பாட்டிமார்களும் மாசமான பெண்களைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

நடுவில் வந்த கோணல்

இவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டில் கோணல் எப்படி வந்தது? 1973-ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. நிறைய உற்பத்தி செய், நிறைய மானியம் வாங்கிக்கொள் என்ற காலம் வந்தது. பாறையை இயந்திரத்தால் உடைத்து நிரவி, உரம் போட்டு, ஒரே ஜாதிப் புல் வளர்த்தார்கள். தரையில் சந்து விட்ட பெரிய கொட்டகைகளைக் கட்டிக் குளிர்காலத்தில் மாட்டை உள்ளேயே நிறுத்தினார்கள். பசும்புல்லைக் காற்றுப் புகாமல் மூட்டை கட்டிப் புளிக்க வைத்துப் போடுவது வழக்கமாயிற்று. நம் பக்கத்துக் கால்நடை டாக்டர்கள் ஊறுகாய்ப் புல் என்பார்களே, அதுதான். மலைக்கு ஓட்டிய சிலரும் இந்த ஊறுகாயை மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாடு புத்திசாலி. வாசலுக்குச் சாப்பாடு வந்தால் யார்தான் கடைக்குப் போவார்கள்? ஒரே இடத்தில் நின்று தின்றன. அந்த இடம் சேறும் சாணமுமாயிற்று. கழிவு பாறைப் பிளவு வழியே நிலத்தடி நீரில் போய்க் கலந்தது. நூறு கஜம் தள்ளி முரட்டுப் புல் அப்படியே நின்றது.

பிள்ளைகள் நகரத்து உத்தியோகத்துக்குப் போனார்கள். தினம் மலையேறி மாட்டைப் பார்த்துவிட்டு வர ஆள் இல்லை. புதர் ஏறிவிட்டது.

1994-ல் சுற்றுப்புறத்தைப் பாதுகாக்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க ஒரு தேசியத் திட்டம் வந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால், இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்ற கட்டளைகளை ஏற்று நடந்தால் ஏக்கருக்கு இத்தனை என்று பணம். பூ பூத்ததா, செத்ததா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. “அப்போது எங்களுக்குச் சும்மா இருக்கத்தான் காசு வந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், நான் விவசாயியா, வாட்ச்மேனா என்று கேட்பார்” என்றார் அந்த அம்மாள்.

இந்தச் சமயத்தில்தான் பிரெண்டன் டன்ஃபோர்டு என்ற இளைஞர் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் பர்ரனுக்கு வந்தார். விவசாயிகளின் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி விசாரித்தார். மலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அதிகாரிகளின் காகிதத்தில் இல்லை என்பது விளங்கிற்று. 2002-ல் அவர் ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. பட்டம் வாங்கினவர் ஊரைப் பார்க்கப் போகவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். 2005-ல் ஐரோப்பிய யூனியன் பண உதவியுடன் இருபது பண்ணைகளில் ஒரு பரீட்சை தொடங்கியது. ஊறுகாய்ப் புல்லுக்குப் பதிலாகப் புரதமும் தாது உப்பும் கலந்த கைத்தீவனம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி மிச்சமிருந்ததால் மாடு மலை முழுதும் சுற்றி மேய்ந்தது. சாம்பாரில் உப்பு அளவாக இருந்தால் சோறு நிறைய இறங்குகிற கதைதான்.

2010-ல் அந்தப் பரீட்சை சர்க்கார் திட்டமாயிற்று. அப்போதுதான் மார்க்கு வந்தது. 2016-லிருந்து 2022 வரை நடந்த அடுத்த கட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகள் சேர்ந்தன. 23,000 ஹெக்டேர், அதாவது 57,000 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

பத்துக்கு எத்தனை?

மார்க்குப் போடுகிற விதத்தை அந்த அம்மாள் எனக்குச் செய்தே காட்டினார். கையில் ஒரு அட்டை. வயலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். புல் எவ்வளவு மேயப்பட்டிருக்கிறது? பழைய சருகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? தொட்டியைச் சுற்றிச் சேறா? ஊற்றுத் தண்ணீரில் மாடு இறங்கிக் கலக்கியிருக்கிறதா? மண் வெறுமையாகத் தெரிகிறதா? புதர் எவ்வளவு ஏறியிருக்கிறது? உரத்துக்கு வருகிற களை முளைத்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. குறைய மேய்ந்தாலும் மார்க்குப் போச்சு, அதிகம் மேய்ந்தாலும் போச்சு. இட்லி மாவுப் புளிப்பு மாதிரி. பக்குவம் கைக்குத்தான் தெரியும்.

உண்மையான மார்க்கைப் போடுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். கீழ் மார்க்கு வாங்கினால் காசே கிடையாது. மேலே போகப் போக ஹெக்டேருக்குத் தொகை ஏறும். பத்துக்குப் பத்து என்றால் உச்சத் தொகை. எப்படி அந்த மார்க்கை வாங்குவது என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. எத்தனை மாடு, எந்தத் தேதியில் ஏற்றுவது, எப்போது இறக்குவது, அது உங்கள் சாமர்த்தியம்.

இதோடு இன்னொரு உதவியும் உண்டு. புதரை வெட்டி வழி செய்ய, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டின மதிலைச் சீராக்க, மேலே தண்ணீர்த் தொட்டி வைக்க. எந்த வேலை வேண்டும் என்று விவசாயியே சொல்லலாம். செலவில் ஒரு பகுதி திட்டத்திலிருந்து வரும், பாக்கி அவர் கையிலிருந்து. கைப்பணம் போட்டவன் வேலையை நன்றாகப் பார்ப்பான் என்பதை யாரோ குடும்பம் நடத்தினவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

“இந்த வயலுக்கு முதல் வருஷம் நாலு மார்க்கு. என் வீட்டுக்காரருக்கு அவமானம் தாங்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஏழு. சாராயக் கடையில் இதே பேச்சு. இரண்டு வாரம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை” என்று சிரித்தார். பிறகு புதருக்குள் வழி வெட்டினார்களாம். தொட்டியை உச்சிக்கு மாற்றினார்களாம். நாலு ஐந்தாயிற்று, ஏழாயிற்று. எட்டு வந்த வருஷம் அவர் உயிரோடு இல்லை. “அந்த அட்டையைச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன்” என்றார். மறுநாள் காலையில் பார்த்தேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது.

எனக்கு நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிடை ஞாபகம் வந்தது. அறுவடையான வயலில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்து ராத்திரி அடைத்து வைப்பார்கள். வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர், ராத்திரிக்கு இத்தனை என்று நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார். இதைச் சொன்னதும் அந்த அம்மாள் ஆவலாகக் கேட்டார்: “அது சர்க்கார் பணமா?”

“இல்லை. வயல்காரருடையது. அடுத்த விளைச்சலில் அவருக்கே திரும்பி வந்துவிடும்.”

“அது சரி. என் மலையில் விளைகிற இந்த நீலப் பூ யாருக்கு? நான் அதைச் சந்தையில் விற்க முடியுமா? பார்க்க வருகிற உங்களுக்கு, கீழே நல்ல தண்ணீர் குடிக்கிற ஊருக்கு. மாட்டை விற்று வருகிற பணம் தீவனத்துக்கும் டாக்டருக்கும் சரியாகப் போய்விடுகிறது. பூவுக்கு விலை கொடுக்கிறவர்கள் ஊர் ஜனங்கள்தான். அவர்களுக்காக சர்க்கார் கொடுக்கிறது. தர்மம் இல்லை இது, கூலி.”

பாட்டனார் காலத்தில் இதையெல்லாம் காசில்லாமல் செய்தார்களே என்று கேட்கிறவர்களும் அங்கே உண்டு. பாட்டனாருக்கு வேறு வழி இல்லை. பேரனுக்கு டப்ளினில் உத்தியோகம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம்

திட்டம் வெற்றி. மார்க்குகள் வருஷத்துக்கு வருஷம் ஏறின. வேறு தேசங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 2023-ல் அயர்லாந்து சர்க்கார் இந்த மார்க்கு முறையை நாட்டின் பல பிரதேசங்களுக்கும் விரிவாக்கிய தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பர்ரன் அதில் ஒரு பகுதியாகிவிட்டது. இத்தகைய விசேஷப் பிரதேசங்களில் ஒரு பண்ணைக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 10,500 யூரோ என்று அப்போது வகுத்தார்கள். அதில் 7,000 மார்க்குக்கு, 3,500 வேலைகளுக்கு. நம் பணத்தில் ஏறக்குறைய பத்து லட்ச ரூபாய். அந்த ஊர் விலைவாசியில் பெரிய பணமில்லை, சின்னப் பணமும் இல்லை.

பெரிய குடும்பத்தில் சமையல் பொதுவானால் யாருக்கு எப்போது இலை விழும் என்று சொல்ல முடியாதல்லவா? முதல் வருஷத்துப் பணம் பல விவசாயிகளுக்குத் தாமதமாகி 2024-ல்தான் வந்தது. “முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் அடுத்த ஊர் ஆபீஸுக்குப் போய் பெயரைச் சொல்லிக் கேட்பேன். இப்போது கம்ப்யூட்டரில் எண்ணைப் போட வேண்டும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

இறங்கி வரும்போது ஒரு மதிலருகே நின்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் அவருடைய எட்டு மார்க்கு வயல், வெயிலும் பூவும். அந்தப் பக்கம் ஆள் உயர ஹேஸல் புதர், உள்ளே இருட்டு, மதில் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தப் பண்ணையின் கிழவர் இறந்து பதினைந்து வருஷமாயிற்றாம். பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில். விற்கவும் மனமில்லை, வரவும் வழியில்லை. “சின்ன வயதில் அங்கேதான் நாங்கள் ஆர்க்கிட் பறிப்போம்” என்றார். குனிந்து, மதில் இடுக்கு வழியாக இந்தப் பக்கம் தலை நீட்டியிருந்த ஒரு ஹேஸல் கன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கும் ஒரு பிள்ளை. டப்ளினில் என்ஜினீயர். கல்யாணமாகவில்லை. (பக்கத்து ஊரான லிஸ்டூன்வார்னாவில் வருஷா வருஷம் செப்டம்பரில் கல்யாணத் தரகுத் திருவிழா நடக்கிறது. பிரம்மசாரி விவசாயிகளுக்குப் பெண் பார்த்துக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. பாட்டு, கூத்து, தரகர் எல்லாம் உண்டு. அங்கே போகச் சொன்னால் பிள்ளை ஓடிப்போய்விடுகிறானாம்!) போன அக்டோபரில் அந்தப் பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து, மாடுகளை மலைக்கு ஓட்டிவிட்டுப் போனானாம். இந்த அக்டோபருக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

“பண்ணைக்கே வந்துவிடுவானா?” என்று கேட்டேன். தாய்க்குத் தாய் கேட்கிற கேள்விதானே?

“நான் கேட்கவில்லை” என்றார். “கேட்டால் பதில் சொல்லிவிடுவானே!”

அன்று மாலை கீழ் வயலில் பசுக்கள் கன்றுகளோடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. மலையில் ஐந்து மாதம் குடித்தனம் செய்துவிட்டு வந்த களைப்பு ஒன்றும் அவற்றிடம் தெரியவில்லை. தளபதி லட்லோ பார்த்த மாடுகளின் வாரிசுகளோ என்னவோ, நன்றாகத்தான் கொழுத்திருந்தன.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூப் பார்க்க வேண்டுமானால் மே மாதம் போங்கள். பறிக்காதீர்கள், குனிந்து பார்க்கலாம். மாடு பார்க்க வேண்டுமானால் அக்டோபர் கடைசி. பர்ரன்பியோ என்ற அறக்கட்டளை 2012-லிருந்து அந்தச் சமயத்தில் ஒரு விழா நடத்தி வருகிறது. ஏதாவது ஒரு பண்ணையின் மந்தையை ஊர் ஜனங்கள் கூட நடந்து மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். குழந்தைகளும் வருகிறார்கள். நடக்கச் சிரமமில்லை, மாடு வேகமாகப் போவதில்லை. ரப்பர் பூட்ஸ் மாத்திரம் அவசியம். குடை கொண்டுபோக வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.